நாற்பத்திரண்டு விழுக்காடு ஆபத்து, நூறு விழுக்காடு அலட்சியம்

2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, வடக்கு சிக்கிமில் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள தெற்கு லோனாக் பனி ஏரியின் கரைச்சரிவு இடிந்து ஏரிக்குள் விழுந்தது. விழுந்த மண், பாறை, உறைபனியின் அளவு ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர். ஏரியில் 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்து கரையை உடைத்தது. சுமார் 5 கோடி கன மீட்டர் நீர் டீஸ்டா பள்ளத்தாக்கில் இறங்கியது. கீழே சுங்தாங்கில் 1,200 மெகாவாட் டீஸ்டா-3 நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டிருந்த 60 மீட்டர் உயர அணை சில நிமிடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அணையில் தேங்கியிருந்த நீரும் வெள்ளத்தோடு சேர்ந்துகொண்டது. வீடுகளும் பாலங்களும் இராணுவ முகாமும் உறக்கத்திலிருந்த மனிதர்களும் மேற்கு வங்கச் சமவெளி வரை இழுத்துச் செல்லப்பட்டனர். 55 பேர் இறந்தனர். மேலும் 74 பேர் காணாமல் போயினர்.

விடிந்ததும் ஆட்சியாளர்களிடமிருந்து வழக்கமான சொற்கள் வந்தன. இயற்கையின் சீற்றம், எதிர்பாராத பேரிடர், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது. இவற்றுள் கடைசியாகச் சொல்லப்பட்டது அப்பட்டமான பொய். ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் அறிவியலாளர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, தெற்கு லோனாக் ஏரி உடைவதற்கான வாய்ப்பு 42 விழுக்காடு என்று 2013ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு வெளியிட்டிருந்தனர். 2016இல் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமே முன்னின்று, ஏரி நீரைக் குழாய் வைத்து வடிக்க ஏற்பாடு செய்தது. ஆபத்தில்லாத ஏரிக்கு யாரும் அவ்வளவு உயரத்துக்குக் குழாய் சுமந்து செல்வதில்லை. எச்சரிக்கை வெளியானபோது டீஸ்டா-3 அணை கட்டுமானத்தில்தான் இருந்தது. நிறுத்தி யோசிக்கக் காலம் இருந்தது. நிறுத்தவில்லை. 2017 பிப்ரவரியில் மின் உற்பத்தி தொடங்கியது. ஏரியைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பின் முதல் கருவிகளோ 2023 செப்டம்பரில்தான், வெள்ளத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மேலே கொண்டு செல்லப்பட்டன.

"42 விழுக்காடு உடையும் என்றால் 58 விழுக்காடு உடையாது என்றுதானே பொருள்?" என்று கேட்போர் உண்டு. படித்தவர் அவையில் இந்தக் கேள்வி அறிவுக்கூர்மையாகவே ஒலிக்கும். ஆனால், நூற்றுக்கு நாற்பத்திரண்டு முறை அறுந்துவிடும் என்று சொல்லப்பட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்தக் கிணறு வெட்டும் தொழிலாளியும் உள்ளே இறங்க மாட்டார். நிகழ்தகவுக் கணிதம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கயிறு அறுந்தால் விழப்போவது தானே என்பது தெரிந்தால் போதும். டீஸ்டா-3 குறித்து முடிவெடுத்தவர்கள் எவரும் அந்தக் கயிற்றில் தொங்கவில்லை. அணை உடையாவிட்டால் கிடைக்கும் இலாபம் ஒரு கணக்கேட்டில் வரவாகிறது. உடைந்தால் நேரும் இழப்போ வேறு மனிதர்களின் பெயரில் பற்றாகிறது. அணைக்குக் காப்பீடு உண்டு. கரையோரக் குடிசைக்குக் கிடையாது. இரண்டையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்து, சராசரி நன்மை அதிகம் என்று சொல்வதைத்தான் அறிவியல்பூர்வமான முடிவு என்கிறார்கள்.

ஆபத்து வேறு, நிச்சயமின்மை வேறு என்பதை முதலாளித்துவப் பொருளியலே ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இல் எழுதிய நூலின் அடிப்படை வாதமே அதுதான். பகடையில் ஆறு விழும் வாய்ப்பைக் கணக்கிடலாம், அது ஆபத்து. கணக்கிடவே அடிப்படை இல்லாத நிலை நிச்சயமின்மை. இமயமலையில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பனியாறுகள் பின்வாங்குகின்றன, உறைந்திருந்த சரிவுகள் இளகுகின்றன, மழையின் போக்கு மாறிவருகிறது. கடந்த நூறாண்டு வெள்ளப் பதிவுகளை வைத்து அடுத்த ஐம்பதாண்டுகளுக்கு அணை வடிவமைப்பது, பழைய பகடையின் கணக்கைப் புதிய பகடைக்குப் பொருத்துவதாகும். இந்த நிலையில் முடிவெடுப்போர் கேட்க வேண்டியது, 'உறுதியாக உடையுமா?' என்பதன்று. அதற்கு எந்த அறிவியலாளராலும் விடை தர முடியாது. உடைந்தால் கீழே யார் இருப்பார்கள், அவர்கள் தப்ப எத்தனை நிமிடங்கள் கிடைக்கும், எடுத்த முடிவைப் பிறகு திருத்திக்கொள்ள இயலுமா என்பவைதான் விடை காணக்கூடிய கேள்விகள். இந்த விடைகள் கோப்பில் ஏறினால் திட்டம் நின்றுவிடும் என்பதாலேயே அவை கேட்கப்படுவதில்லை.

தயாரிக்கப்படும் அறியாமை

அறிய முடியாதவை பல உண்டு. ஆனால் ஒன்றிய அரசு தன் தவறுகளுக்குக் காரணம் காட்டும் நிச்சயமின்மையில் பெரும்பகுதி, அறியக் கூடாது என்று முடிவு செய்யப்பட்டதால் விளைந்தது. இதற்கு உத்தராகண்டின் ஜோஷிமட் நகரம் சாட்சி. பழைய நிலச்சரிவின் குவியல் மீது அந்நகரம் அமைந்திருக்கிறது, அங்கே பெரும் கட்டுமானம் கூடாது, வெடிவைத்துப் பாறை உடைக்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று மிஸ்ரா குழு 1976இல் அறிக்கை தந்தது. அதன் பிறகுதான் அப்பகுதியில் 520 மெகாவாட் தபோவன்-விஷ்ணுகட் திட்டத்துக்குச் சுரங்கம் குடையப்பட்டது. 2009 டிசம்பர் 24 அன்று சுரங்கம் துளைக்கும் இயந்திரம் மலைக்குள் இருந்த நீர்த்தேக்கத்தைத் துளைத்துவிட்டது. நாளொன்றுக்கு 6 முதல் 7 கோடி லிட்டர் நீர் வெளியேறியது. ஊர் ஊற்றுகள் வற்றும் என்று நிலவியலாளர்கள் அடுத்த ஆண்டே எழுதினர். வேலை தொடர்ந்தது.

2023 சனவரியில் ஜோஷிமட்டின் வீடுகள் பிளந்தன. 2022 டிசம்பர் 27க்கும் 2023 சனவரி 8க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு நாள்களில் நகரம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டதாக இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் படங்களோடு வெளியிட்டது. சுருக்குக் கயிறு போல விழுந்தது அரசின் உத்தரவு. சனவரி 13ஆம் நாள் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒரு கடிதம் அனுப்பி, ஜோஷிமட் குறித்து எந்த அறிவியல் நிறுவனமும் ஊடகங்களிடம் பேசக் கூடாது, தரவு வெளியிடக் கூடாது என்று ஆணையிட்டது. இஸ்ரோவின் அறிக்கை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. காலுக்கடியில் நிலம் எவ்வளவு இறங்குகிறது என்ற கணக்கு, அந்த நிலத்தின் மேல் நிற்பவருக்கு மறுக்கப்பட்டது. பீதியைத் தவிர்க்கவே இப்படிச் செய்ததாக அரசு விளக்கியது. சுவரில் கைநுழையும் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு இனிப் புதிதாக என்ன பீதி வரும் என்று யாரும் விளக்கவில்லை.

அளவைச் சுருக்கிக் காட்டி ஆய்விலிருந்து தப்புவது இன்னொரு வழி. சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டம் நான்கு கோயில்களை இணைக்கும் ஒரே திட்டமாக அறிவிக்கப்பட்டது. அடிக்கல் விழாவிலும் தேர்தல் மேடையிலும் அது ஒரே திட்டம்தான். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்று வந்தபோது மட்டும் அது 53 சிறு திட்டங்களாகப் பிரிந்துவிட்டது. மதிப்பீடே இல்லாமல் மலை வெட்டப்பட்டது. அத்திட்டத்தின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பர் 12 அன்று 41 தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டு 17 நாள் உள்ளே கிடந்தனர். திட்டத்தில் இருந்த தப்பும் வழி கட்டப்படவே இல்லை. கடைசியில் அவர்களை மீட்டவர்கள், கையால் மண் தோண்டும் 'எலி வளை'ச் சுரங்கத் தொழிலாளர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆபத்தானது என்று தடை செய்த முறை அது. ஆபத்தை உண்டாக்கியவர்கள் பாதுகாப்பாக இருந்தனர். அதை நீக்கும் வேலையும் உழைப்பாளியின் தலையிலேயே விழுந்தது.

பிழைகள் இரண்டும் ஒன்றல்ல

ஓர் அணையைக் குறித்து இரண்டு வகையில் பிழை செய்யலாம். கட்டலாம் என்ற இடத்தில் கட்டாமல் விடுவது ஒன்று. கட்டக் கூடாத இடத்தில் கட்டிவிடுவது இன்னொன்று. முதற்பிழையால் சில ஆண்டுகள் சில நூறு மெகாவாட் மின்சாரம் கிடைக்காமல் போகும். மேலும் ஆய்வு செய்து, தெளிவு பிறந்தபின் கட்டிக்கொள்ளலாம். இரண்டாம் பிழையைத் திருத்த வழியே இல்லை. செத்தவர் திரும்பார், பெயர்ந்த மலை பழைய இடத்துக்கு வாராது. ஆகவே, மீள முடியாத முடிவில் ஐயத்தின் பலன் மக்களுக்கே சேர வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று மக்கள் மெய்ப்பிக்கத் தேவையில்லை; ஆபத்து இல்லை என்று திட்டம் கொண்டுவருபவர் மெய்ப்பிக்க வேண்டும்.

இது இடதுசாரிகள் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் அல்ல. நாட்டின் சட்டமே இதுதான். வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றையும் கிணறுகளையும் பாழாக்கியதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும், கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்றும் கூறியது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் இக்கோட்பாடு எழுதப்பட்டுள்ளது. சட்டத்தில் இருப்பது இமயமலை ஏறும்போது என்ன ஆகிறது என்பதற்கு ரைனி கிராமத்தின் கதையைப் பார்க்கலாம்.

ரைனி, 1974இல் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காத்த ஊர். அந்த ஊரின் காலடியில் 13.2 மெகாவாட் ரிஷிகங்கா திட்டம் வந்தது. வெடிவைப்பதையும் இடிபாடுகளை ஆற்றில் கொட்டுவதையும் எதிர்த்து ஊரார் 2019இல் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பிப்ரவரி 7, ஞாயிறு காலை, ரோண்டி சிகரத்திலிருந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கா திட்டம் இருந்த சுவடு அழிந்தது. தபோவன் சுரங்கத்தில் வேலையிலிருந்த தொழிலாளர்கள் சேற்றில் புதைந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். பள்ளத்தாக்கில் ஓர் அபாயச் சங்குகூட இல்லை. ஐந்து மாதம் கழித்து, இரு திட்டங்களின் அனுமதியையும் நீக்கக் கோரி ரைனி, ஜோஷிமட் பகுதியைச் சேர்ந்த ஐந்து பேர் மீண்டும் நீதிமன்றத்தை நாடினர். 2021 சூலையில் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. மனுதாரர்களின் நோக்கமே ஐயத்துக்குரியது என்று கூறி, ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. மெய்ப்பிக்கும் பொறுப்பு எவர் தலையில் வைக்கப்பட்டது என்பது தெளிவு.

அடுத்த மாதமே ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் அளித்தது. தபோவன்-விஷ்ணுகட் உள்ளிட்ட ஏழு திட்டங்களைத் தொடரலாம் என்பது அதன் சாரம். கேதார்நாத் வெள்ளத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்ற ஆணைப்படி ரவி சோப்ரா தலைமையில் அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, ஆய்வுக்கு வந்த 24 திட்டங்களில் 23ஐக் கைவிடச் சொல்லி 2014இல் அறிக்கை தந்திருந்தது. பனியாறுகள் பின்வாங்கி விட்டுச்சென்ற இளகிய நிலப்பகுதிகளில் அணையே கூடாது என்பதும் அதன் எச்சரிக்கை. அறிக்கை பிடிக்காவிட்டால் இன்னொரு குழு, அதுவும் பிடிக்காவிட்டால் மூன்றாவது குழு என்று பிடித்த விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது அரசின் பழக்கமாகிவிட்டது.

மின்சாரம் வேண்டாமா?

இங்கே கட்சி அணிகளுக்குள்ளிருந்தே எழும் ஒரு கேள்விக்கு நேராக விடை சொல்ல வேண்டியுள்ளது. மின்சாரமும் தொழில் வளர்ச்சியும் உழைக்கும் மக்களுக்கு வேண்டாமா? ஆபத்தே இல்லாத உற்பத்தி எங்கே இருக்கிறது? ஒவ்வொரு திட்டத்துக்கும் தடை சொல்வது நடுத்தர வர்க்கச் சூழலியலின் குரல் ஆகாதா? கேள்வியில் நியாயம் உண்டு. மின்மயமாக்கலைச் சோசலிசக் கட்டுமானத்தின் அடித்தளமாகக் கண்ட இயக்கம் மின்சாரத்துக்கு எதிராக நிற்க முடியாது. பொதுத்துறையில் அணைகள் கட்டப்பட்டதற்கு இடதுசாரிகள் துணை நின்றதும் சரியே.

ஆனால் தபோவன் திட்டம் பொதுத்துறை நிறுவனத்தினுடையது. டீஸ்டா-3க்குக் கீழே சேதமடைந்த டீஸ்டா-5 திட்டமும் அவ்வாறே. உடைமை பொதுவாக இருந்தும், முடிவெடுக்கும் முறை ஒப்பந்ததாரர் பக்கம் சாய்ந்தே இருந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் திட்டம் கொண்டுவருபவர். பொதுத்துறையானாலும் தனியாரானாலும் இதில் மாற்றமில்லை. உடைமையைப் பற்றிப் பேசிவிட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது பாதி அரசியல். எங்கெல்ஸ், குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு குறித்து எழுதிய முற்றுப்பெறாத கட்டுரையில், ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில் காடழித்த இத்தாலியர்களையும், கியூபாவில் காப்பிக்காகக் காட்டை எரித்த ஸ்பானியத் தோட்ட முதலாளிகளையும் சுட்டிக்காட்டுகிறார். உடனடி இலாபத்தை மட்டும் பார்க்கும் வர்க்கம் அடுத்த தலைமுறைக்கு நேர்வதைக் கணக்கில் கொள்ளாது என்பது அங்கே அவர் நிறுவும் செய்தி. சூழலியல், மார்க்சியத்துக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி அன்று.

தன்விமர்சனமும் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் குழு 2011இல் தந்த அறிக்கையைக் கேரளத்தில் இரு முன்னணிகளும் எதிர்த்தன. எதிர்ப்பின் பின்னணியில் குவாரி முதலாளிகள் மட்டுமன்றி, நிலத்தை இழப்போமோ என்று உண்மையாகவே அஞ்சிய சிறு விவசாயிகளும் இருந்தனர். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆயினும் காட்கில் குழு, உணர்திறன் மிக்க பகுதிகளின் எல்லையை இறுதி செய்வதைக் கிராமசபைகளிலிருந்து தொடங்கும் விவாதத்திடமே விட்டிருந்தது. அந்த விவாதம் நடக்கவில்லை. அறிக்கையை விவசாயியின் மொழியில், விவசாயியின் வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்று, ஏற்பதை ஏற்று மறுப்பதை மறுத்திருக்க வேண்டிய கடமை மற்றவர்களைவிட இடதுசாரிகளுக்கே அதிகம் இருந்தது. 2024 சூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்த பிறகு அந்தக் கடமை மேலும் கனக்கிறது.

மக்களிடம் விட்டால் முடிவே எடுக்க முடியாது என்பது அதிகாரிகளின் வாதம். சிக்கிமின் ஜோங்கு பகுதி லெப்சா பழங்குடியினர் இதற்கு விடை தந்தவர்கள். டீஸ்டா ஆற்றுத் திட்டங்களை எதிர்த்து 2007இல் தொடங்கிய அவர்களது உண்ணாநிலைப் போராட்டம், தொடர் உண்ணாநிலையாக 915 நாள் நீடித்தது. ஜோங்குவில் திட்டமிடப்பட்டிருந்த நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன. வளர்ச்சியின் எதிரிகள் என்று அன்று அவர்கள் ஏசப்பட்டனர். ஆலோசனை நிறுவனங்கள் கோடிகளில் கூலி வாங்கிக்கொண்டு தந்த மதிப்பீட்டைவிட, அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் மதிப்பீடு சரியாக இருந்தது என்பதை 2023 அக்டோபர் காட்டியது.

பாடம் கற்றுக்கொள்ளப்பட்டதா? டீஸ்டா-3 திட்டத்தில் மாநில அரசின் வசமிருந்த ஏறத்தாழ 60 விழுக்காட்டுப் பங்கு பேரழிவுக்குப் பிறகு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025 சனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வல்லுநர் மதிப்பீட்டுக் குழு, அதே இடத்தில் அணையை மீண்டும் கட்டப் பரிந்துரைத்தது. பழைய அணை 60 மீட்டர், புதியது 118.64 மீட்டர். பனி ஏரி வெள்ளத்தையும் கணக்கில் கொண்ட வடிவமைப்பு என்கிறார்கள். அப்படியானால் பழைய வடிவமைப்பு எதைக் கணக்கில் கொண்டது, அதற்கு அனுமதி தந்தவர்கள் யார், அவர்கள் எங்கே பதில் சொன்னார்கள் என்று கேட்க ஒரு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்கூடப் புதிதாக நடத்தப்படவில்லை.

அருணாச்சலப் பிரதேசத்தின் சியாங் ஆற்றில் சுமார் 11,000 மெகாவாட் திட்டம் இப்போது முன்வைக்கப்படுகிறது. மேலே திபெத்தில் சீனா பெரிய அணை கட்டுவதால் என்ன நேருமோ தெரியாது, ஆகவே இங்கும் கட்ட வேண்டும் என்பது ஒன்றிய அரசின் வாதம். சுங்தாங்கில் நிச்சயமின்மை அலட்சியத்துக்குக் காரணமாயிற்று. சியாங்கில் அதே நிச்சயமின்மை அவசரத்துக்குக் காரணமாகிறது. நிலநடுக்க ஆபத்து மிகுந்த அந்த மலைகளில் ஆய்வு செய்வதையே ஆதி பழங்குடி மக்கள் எதிர்க்கின்றனர். ஆய்வு என்ற பெயரில் நுழைவது அணையாகத்தான் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். இடதுசாரிகளும் விவசாய, பழங்குடி அமைப்புகளும் அங்கே எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை: எல்லாத் தரவும் ஊர் மொழியில் வெளியிடப்பட வேண்டும்; சராசரி வெள்ளத்தைக் காட்டாமல், நிகழக்கூடிய மிகக் கொடிய வெள்ளத்தில் எந்த ஊர் எத்தனை நிமிடத்தில் மூழ்கும் என்ற வரைபடம் கிராமசபையில் வைக்கப்பட வேண்டும்; மதிப்பீட்டாளருக்குக் கூலி திட்டக்காரரிடமிருந்து போகக் கூடாது; தொழிலாளர் குடியிருப்பும் அபாயச் சங்கும் முதல் கல்லுக்கு முன்பே தயாராக வேண்டும்; வேண்டாம் என்று கிராமசபை சொன்னால் அது இறுதியாக வேண்டும். 2025 மே மாதம் அரசு அங்கே அனுப்பியது வரைபடத்தை அன்று, துணை இராணுவத்தை. ஆய்வுக் கருவிகளுக்குக் காவலாகத் துப்பாக்கிகள் வந்திறங்கின. சியாங் கரையில் ஊர் மக்கள் மறியலில் உட்கார்ந்தனர்.